தாவல்கள் மேலேயா, கீழேயா?

ஒரு பக்கம் வானொலி, இன்னொரு பக்கம் மின்னஞ்சல், வேறொன்றில் குடிவரவு விண்ணப்பம் என்று ஒரே நேரத்தில் பலதைத் திறந்து வைத்திருப்பவர்கள் நாங்கள். இவற்றை ஒரே சாளரத்தில் அடுக்கித் தருபவை இணைய உலாவியின் தாவல்கள், அதாவது 'ரப்' என்று நாம் சொல்லும் சிறு தலைப்புத் துண்டுகள். இவை முகவரிப் பட்டைக்கு மேலே இருப்பதா, கீழே இருப்பதா என்பது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் உங்கள் வங்கிக் கணக்கின் பாதுகாப்போடும் அதற்குத் தொடர்பு உண்டு.

2004 இல் வந்த பயர்பொக்ஸ் 1.0 இலும், 2006 இல் வந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் 7 இலும் தாவல்கள் முகவரிக்குக் கீழேதான் இருந்தன. 2008 செப்ரெம்பரில் வெளியான கூகிள் குரோம் அவற்றை மேலே ஏற்றியது. 2009 இல் அப்பிளின் சபாரி 4, பரீட்சார்த்தப் பதிப்பில் மேலே வைத்துப் பார்த்துவிட்டு, இறுதிப் பதிப்பில் மீண்டும் கீழே இறக்கியது. 2011 மார்ச்சில் பயர்பொக்ஸ் 4 மேலே மாறியது.

மேலே வைப்பதற்கு முதற் காரணம், எது எதற்குச் சொந்தம் என்பது. தாவலை மாற்றினால் முகவரியும் மாறுகிறது. எனவே கோப்பு உறையின் தலைப்புப் போலத் தாவல் மேலே நிற்க, முகவரியும் பக்கமும் அதற்குள் அடங்குவது பொருத்தம்.

இரண்டாவது காரணம் கை. இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் அதை எட்ட அதிக நேரம் எடுக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் போல் பிற்ஸ் 1954 இல் ஒரு விதியாக வகுத்தார். அதைக் கணினித் திரைக்குப் பொருத்தி 1992 இல் ஆய்வு வெளியிட்ட ஸ்கொட் மக்கென்சி, பில் பக்ஸ்ரன் இருவரும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். மக்கென்சி பின்னர் இங்குள்ள யோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மேலே உள்ள தாவல் பக்கத்திலிருந்து சற்றுத் தூரம்தான். ஆனால் விண்டோசில் குரோம் சாளரத்தை முழுதாக விரித்தால் தாவல் திரையின் விளிம்பைத் தொடும். சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது விளிம்பைத் தாண்டாது. முதியவர்களுக்குக் கணினி பழக்கும்போது சாளரத்தை விரிக்கும்படி நான் முதலில் சொல்வது இதனால்தான்.

குறையும் உண்டு. தாவல்கள் கூடக்கூட ஒவ்வொன்றும் ஒடுங்கும். நம் நீண்ட தமிழ்த் தலைப்புகளில் இரண்டு மூன்று எழுத்துகளே மிஞ்சும். அப்படியானவர்களுக்குப் பக்கவாட்டில் நிரையாக அடுக்கும் வசதி இருக்கிறது. மைக்ரோசொப்ற் எட்ஜில் அது 2021 இலும், பயர்பொக்ஸில் 2025 மார்ச்சிலும் வந்தது.

இனி வங்கி விடயம். தாவலில் தெரியும் பெயரையும் சின்னத்தையும் கொடுப்பவர் அந்தப் பக்கத்தை உருவாக்கியவர். மோசடிக்காரரும் உங்கள் வங்கியின் பெயரை அங்கே போடலாம். பக்கத்துக்குள்ளும் எதையும் வரைந்து காட்டலாம். ஆனால் வங்கியின் உண்மையான இணைய முகவரியை அவர் சொந்தமாக்க முடியாது. எழுத்தை மாற்றி அதைப் போன்ற ஒன்றைத்தான் வாங்கலாம். ஆகவே தாவலைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்த பின்பே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிள்ளைகளே, இதை அம்மம்மா, அப்பப்பாவுக்கும் ஒருமுறை திரையில் தொட்டுக் காட்டுங்கள்.