காணியை விற்றுப் படிக்க வைக்கலாமா?

கல்முனைப் பகுதியில் ஒரு குடும்பத்தை நாம் அண்மையில் சந்தித்தோம். குடும்பத் தலைவர் 1990 இல் தம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்து வந்தவர். 2004 சுனாமியில் வீட்டையும் இழந்தார். இன்று மிஞ்சியிருப்பது ஓர் ஏக்கர் வயல். மூத்த மகன் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், பல்கலைக்கழகத்துக்குப் போதிய இசெட் புள்ளி கிடைக்கவில்லை. கொழும்பில் கட்டணம் அறவிடும் கல்லூரி ஒன்றில் இடம் உண்டு. வயலை விற்றால் பணம் கட்டலாம்.

"பாதர், எங்கட வாப்பா காணிய உட்டுட்டுத்தான் வந்தாரு. காணியப் பறிக்கலாம், படிப்பப் பறிக்க ஏலாதே" என்றார் அவர்.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார்: "அப்ப மத்த ரெண்டு புள்ளையளுக்கும் எத விக்கிற?"

இரண்டுமே நியாயமான பேச்சு. இரண்டையும் சேர்த்தே நாம் சிந்திக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்லூரி சொல்லும் கட்டணம் முழுச் செலவு அல்ல. தங்குமிடம், சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்கு மேலே. ஒரு இலட்சம் ரூபாவை மாதம் நூற்றுக்கு 2 ரூபா வட்டிக்கு எடுத்தால், நான்கு ஆண்டுகளில் வட்டி மாத்திரம் 96,000 ரூபா. முதல் அப்படியே நிற்கும். மகன் படிப்பை இடையில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. வயலை விற்றாலோ, பெரும்போகத்தில் வீட்டுக்கு வரும் நெல்லும் போய்விடும்.

அடுத்தது பட்டத்தின் பெறுமதி. அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ ஏற்றுக்கொள்கிறதா என்று, பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தையும் தரகர் வார்த்தையையும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கட்டணமில்லாத கதவுகளை முதலில் தட்டுங்கள். 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நம் பிள்ளைகளுக்கும் உரியது. போரினால் மட்டக்களப்புக்குச் சென்று படிக்க முடியாத மாணவர்களுக்காகவே 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996 இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் நாட்டின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டியிலும் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தனியார் பட்டப்படிப்புக்கென அரசு 2017 இல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்றையும் ஆரம்பித்தது. இவ்வாண்டு விண்ணப்பம் கோரப்படுகிறதா என விசாரித்துப் பாருங்கள்.

அப்படியானால் பணம் கொடுத்துப் படிப்பிக்கவே கூடாதா? கூடும். மிச்சம் பிடித்த பணத்தில், ஒரு போக வருமானத்தில், தேவைப்பட்டால் ஒரு நகையை விற்றும் படிப்பிக்கலாம். ஆனால் சோறு போடும் ஒரே வயலையும், இளைய பிள்ளைகளின் பங்கையும் ஒருவருக்காகச் செலவிடுவது தியாகம் அல்ல. அந்தப் பங்கு நமக்குச் சொந்தமானதும் அல்ல. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்தால் போதும் என்று அவள் படிப்பை ஒதுக்குவதும் சரியல்ல.

அந்த வாப்பா வயலை இன்னும் விற்கவில்லை. மகனுக்குப் பரீட்சை எழுத இன்னும் ஒரு தடவை இருக்கிறது. இப்போது காலையில் வாப்பாவுடன் வயலுக்குப் போகிறான், இரவில் படிக்கிறான். சம்மாந்துறைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

படிப்பை எவராலும் பறிக்க முடியாது என்று அவர் சொன்னது உண்மை. அந்தப் படிப்புக்காக, மிஞ்சிய காணியை நாமே நம் கையிலிருந்து பறித்துக்கொள்ளாமல் இருப்போம்.