கேட்க ஓர் ஆள், மறைக்க ஓர் ஆள்

“மாமா, ரோபோ படம் எழுதுன ஆளே கொலக்கதயும் எழுதினா ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கும்?”

அக்காள் மகன் கேட்டான். மண்டைக்காட்டுக் கோயில் பக்கத்து டீக்கடை. அவன் கையில் ரசவடை, என் கையில் கடுப்பம் கூட்டிய டீ. குறும்படம் எடுக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறவன், அதனால் கேள்வியைத் தட்டிவிட மனம் வரவில்லை. அவன் மனதில் இருந்தது சுஜாதா.

சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் 1935-இல் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டேதான் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதைகளும் எழுதித் தள்ளினார். அவை சினிமாவுக்குப் போயின. 1977-இல் ‘காயத்ரி’. அதில் வக்கீல் கணேஷாக ஜெய்சங்கர், வில்லனாக ரஜினிகாந்த். மறுவருஷமே ‘ப்ரியா’ வந்தது, அதில் அதே ரஜினிதான் வக்கீல் கணேஷ்! மாலையில் கொலைகாரன் வேஷம் கட்டியவன் காலையில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல. இந்த இரண்டு படங்களுக்கும் திரைக்கதை பஞ்சு அருணாசலம். ஆக, சுஜாதா அப்போது கதை கொடுத்தவர்தான். படத்துக்குள்ளேயே இறங்கி வசனம் எழுதுகிற ஆளாக அவர் நிலைத்தது பிறகு.

ஒரே ஆள் பலவகைப் படம் எழுதுவது அதிசயம் ஒன்றுமில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை 1966-இல் கொண்டுவந்த ஜீன் ராடன்பெரி லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் வேலை பார்த்தவர். அதன்பின் டிவியில் குதிரையும் துப்பாக்கியுமான கௌபாய் தொடர்களுக்கு எழுதினார். ஆகாயக் கப்பல் கதையை அவர் சேனல்காரர்களிடம் விற்றபோது, வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிற கூட்டத்தின் கதைதான், நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது என்று சொல்லித்தான் விற்றார். ஆள் ஒருவர்தான். ஆனால் வகைக்கு வகை அவர் எழுதும் பேச்சின் வேலை வேறு. பயலுக்கு நான் புரியவைக்கப் பார்த்தது அதைத்தான்.

முதலில் அறிவியல் கதை. அதில் பேச்சு விளக்கியாக வேண்டும். பார்க்கிறவனுக்கு ரோபோ தெரியாது, நியூரல் ஸ்கீமா தெரியாது. விஞ்ஞானி நின்று பாடம் நடத்தினால் பாதித் தியேட்டர் முறுக்கு வாங்க எழுந்து போய்விடும். நம்ம பக்கக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பவர்களுக்கு இதற்கான வழி தெரியும். புலவர் கதை சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், சும்மா இருக்காமல் ‘அது எப்பிடி?’ என்றும் ஒரு கேள்வி போடுவார். அந்தக் கேள்வி கூட்டத்தின் கேள்வி. அது இல்லையென்றால் புலவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். சுஜாதாவின் எழுத்து முழுக்க இந்த ஆமா போடுகிற ஆள் உண்டு. வக்கீல் கணேஷ் யோசிக்கும்போது அவன் ஜூனியர் வசந்த் குறுக்கே பேசுவான். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் ஒன்றும் அறியாத நிலா கேட்பாள், ஜீனோ என்கிற இயந்திர நாய் பதில் சொல்லும். வருங்காலத்துச் சர்வாதிகார ஆட்சி பற்றிய அத்தனை தகவலும் நாம் அறியாமலே உள்ளே போய்விடும்.

‘எந்திரன்’ இன்னும் நல்ல உதாரணம். சிட்டி என்கிற ரோபோவைச் சபையில் நிறுத்தி ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். கடவுள் இருக்கிறாரா என்று ஒருவர் கேட்கிறார். கடவுள் என்றால் யார் என்று சிட்டி திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று பதில் வருகிறது. என்னைப் படைத்தவர் வசீகரன், இதோ இருக்கிறார், ஆகவே கடவுள் இருக்கிறார் என்று முடிக்கிறது சிட்டி. தியேட்டர் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக, இந்த இயந்திரம் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது என்கிற பாடமும் முடிந்துவிட்டது. பிறகு அது தீயிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிவந்து, உடம்பில் துணியில்லாமல் எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறபோது நமக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் படத்துக்கு வசனம் என்று சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி மூவர் பெயரும் உண்டு. எந்த வரி யாருடையது என்று நான் துப்புத் துலக்கப் போவதில்லை. சுஜாதா 2008 பிப்ரவரி 27-இல் காலமானார், படம் வந்தது 2010-இல். அதன் தொடர்ச்சியான ‘2.0’ 2018-இல் வந்தபோது ஷங்கரோடு வசனம் எழுதியவர் நம்ம ஜில்லாக்காரர் ஜெயமோகன்.

கௌபாய் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அங்கே பேச்சே இருக்கக் கூடாது. 1964-இல் இத்தாலியர் செர்ஜியோ லியோனி எடுத்த படத்தில் கிளிண்ட் ஈஸ்ட்வுட் தன் வசனங்களைத் தானே குறைக்கச் சொன்னார். தமிழில் இது நடக்கிற காரியமா? ‘பராசக்தி’ தலைமுறைக்கு வசனம்தான் சாப்பாடு. ஒளிப்பதிவாளர் கர்ணன் 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று ஜெய்சங்கரைத் தொப்பியும் துப்பாக்கியுமாக ஓடவிட்டார். அந்தப் படங்களில் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது குதிரையும் புழுதியும்தான், ஒரு வசனம்கூட இல்லை. கேமராக்காரர் எடுத்த படம், அப்படித்தானே இருக்கும். சுஜாதா கௌபாய் படம் எழுதவில்லை. அவர் வசனம் எழுதி மணிரத்னம் 1993-இல் எடுத்த ‘திருடா திருடா’வில் பணத்துக்காக ஆளாளுக்குத் துரத்திக்கொள்கிற ஓட்டத்தில் கொஞ்சம் அந்த வாசனை உண்டு, அவ்வளவுதான்.

“அப்போ கொலக்கத?” என்றான். இரண்டாவது வடைக்குக் கை போயிருந்தது.

குற்றக் கதையில் பேச்சின் வேலை மறைப்பது. இதற்கு ஜெயமோகன் வசனம் எழுதிய ‘பாபநாசம்’ போதும். ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த ‘த்ரிஷ்யம்’ படத்தை அவரே 2015-இல் தமிழில் எடுத்தார். ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆனான், பேச்சு திருநெல்வேலிப் பேச்சானது. கேபிள் டிவி நடத்துகிறவன், பெரிய படிப்பில்லை, சினிமா பார்த்துப் பார்த்தே உலகம் கற்றவன். வீட்டில் ஒரு கொலை விழுந்துவிடுகிறது. பிறகு பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறான். பஸ்ஸில் போய், ஓட்டலில் சாப்பிட்டு, சினிமாவும் பார்க்கிறார்கள். சில நாள் கழித்து அதே கண்டக்டரையும் ஓட்டல்காரரையும் தியேட்டர் ஆபரேட்டரையும் தேடிப்போய், குடும்பத்தோடு வந்தோமே என்று பேச்சுக் கொடுக்கிறான். பேச்சோடு பேச்சாகத் தேதியையும் சொல்கிறான், கொலை நடந்த நாளின் தேதியை.

அவன் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. காசு கொடுக்கவில்லை. போலீஸ் விசாரிக்கும்போது கண்டக்டர் சொல்வது அவர் மனசாட்சிப்படி உண்மை. இவர்கள் வந்தார்கள், பார்த்தேன், பேசினேன். தேதி மட்டும் அவருடையது இல்லை, சுயம்புலிங்கம் வைத்துவிட்டுப் போனது. அதிகாரிக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனால் இடித்துக் கேட்க ஒரு பொய்யன் கிடைக்கவில்லை. தேடிப்போய்ப் பேசுகிற அந்தக் காட்சியில் எழுதுகிறவன் கை கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு. தேதியை இரண்டு தரம் சொன்னால் நமக்கே உறுத்தும். குசலம் விசாரிப்பதுபோல ஒரே தரம் விழ வேண்டும். வட்டாரப் பேச்சு அங்கே அலங்காரத்துக்கு இல்லை, காவலுக்கு. இவ்வளவு வெள்ளந்தியாகப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்?

“அப்போ என் படத்துல அந்தத் தேதிய யாரு சொல்லணும், மாமா?”

“ஓம் படத்துல கொல உண்டாலே?”

“இல்ல. லவ் ஸ்டோரி.”

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.