கொட்டாத குளவி

குளவி என்றவுடனே நம்மில் பலருக்கு ஓட்டுக்கூரையில் தொங்கும் கூடும், கொட்டு வாங்கி வீங்கிய கன்னமுமே நினைவுக்கு வரும். மனிதரைக் கொட்டவே தெரியாத குளவிகளும் உலகில் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத அத்தகைய குளவியொன்று எங்கள் குடும்பத்தின் பிழைப்பைக் காத்தது. விலங்கியல் பாடத்தில் 'ஒட்டுண்ணி' என்ற தலைப்பில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டு மாணவ நண்பர்கள் மறந்துவிடும் செய்திதான் இது.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். 2 ஏக்கர் மல்பெரி. தோட்டத்து மூலையில் பட்டுப்புழு வளர்ப்பு மனை. 2008-ஆம் ஆண்டில் கோவையில் பப்பாளி மரங்களின்மேல் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது அது. மறு ஆண்டே எங்கள் மல்பெரியிலும் வந்து குடியேறியது. கொழுந்துகள் சுருண்டு முடிச்சாயின. தண்டெல்லாம் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்மை. அது சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும். அந்நீரைப் பருக எறும்புகள் கூடும். எறும்புகளோ பருகியதற்குக் கூலியாக மாவுப்பூச்சிக்குக் காவலும் நிற்கும்!

வேறு பயிராயிருந்தால் மருந்தடித்துப் பார்க்கலாம். மல்பெரி இலையைத் தின்ன வேண்டியது பட்டுப்புழுவல்லவா? பூச்சிக்கு நஞ்சு புழுவுக்கும் நஞ்சே. அன்றியும், மெழுகு மாவு போர்த்த உடலில் மருந்து எளிதில் படிவதில்லை. என் தந்தையார் மருந்தடித்து, நாள் எண்ணிக் காத்திருந்து, பிறகே இலை பறித்துப் போட்டார். எண்ணிய நாள் போதவில்லை. நான்காம் முறை தோலுரித்து நல்ல பசியிலிருந்த புழுக்கள் பச்சையாய்க் கக்கிச் சுருண்டன. இரண்டு நாளில் மனையே நாறிப்போயிற்று. அவற்றைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டியவன் நான். அப்போது இளங்கலை விலங்கியல் இரண்டாமாண்டு மாணவன். 2010 கோடையில் ஓர் ஏக்கர் மல்பெரியைத் தந்தையார் வேரோடு பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் விதைத்தார்.

மெக்சிகோவில் இதே பூச்சி ஏன் இத்தனை அட்டூழியம் செய்வதில்லை? அங்கே அதைத் தின்னும் பகைவர்கள் இருக்கிறார்கள். இங்கே பூச்சி மட்டும் வந்தது, பகைவர் வரவில்லை. ஆகவே பகைவரையும் அழைத்துவர முடிவாயிற்று. 2010 ஜூலையில் பியூர்டோரிகோவிலிருந்த அமெரிக்க வேளாண் துறையின் கூடத்திலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. வெளியே தப்பாதபடி அடைத்த அறையில் வைத்துச் சோதித்த பின்னரே அவை மற்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கினார்கள். அக்டோபரில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியே தமிழகத்தில் விடத் தொடங்கினர். மூன்றில் பெரும்பங்கு வேலையைச் செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் குளவி.

எங்கள் ஊருக்கு மறு ஆண்டுத் தொடக்கத்தில் சிறு குப்பிகளில் வந்து சேர்ந்தது. உள்ளே பார்த்தால் தூசி பறப்பது போலிருந்தது. பெரியப்பாவுக்கு ஒரே ஐயம்.

"ஏனுங்க, இருக்கற பூச்சி போதாதுன்னு குளவியும் கொண்டாந்து உடறீங்களா? ஆடு மாடு மேயற எடமுங்க."

"கொட்டாதுங்க. ஆனா இனிமே மருந்து மட்டும் அடிச்சுப்போடாதீங்க. மொதல்ல சாகறது இதுதான்" என்றார் வந்திருந்த அலுவலர்.

தந்தையார் என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, நீ படிக்கறயே, இது நெசமா?" என்றார். அக்குளவியை அதுவரை நான் கண்டதேயில்லை. புத்தகத்தின் ஒரு பத்தியை நம்பி, "ஆமாங்கப்பா" என்றேன். மிச்சமிருந்த ஓர் ஏக்கரும் அந்தச் சொல்லின்மேல் நின்றது.

பெண் குளவி தன் உணர்கொம்புகளால் இளம் மாவுப்பூச்சியைத் தட்டித் தடவிப் பார்க்கும். ஏற்றதெனக் கண்டால் ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி உள்ளே முட்டை வைக்கும். அந்த ஊசி முட்டையிடுவதற்கே உரியது. நம் தோலில் இறங்காது. முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சியின் உடல் உப்பிப் பழுப்பேறி வெறுங்கூடாகும். இதைப் பூச்சியியலார் 'மம்மி' என்பர். வளர்ந்த குளவி அதன் மேற்புறத்தை வட்டமாக அறுத்துத் திறந்து வெளியேறும். முட்டை முதல் குளவி வரை இரண்டு மூன்று வாரமே.

இதைக் கரும்பு வயலில் அட்டை கட்டி விடும் டிரைக்கோகிராமாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தண்டுத்துளைப்பான்களின் முட்டையைத் தாக்குவது. பதினைந்து நாளுக்கொரு முறை என மீண்டும் மீண்டும் விட வேண்டும். மாவுப்பூச்சிக் குளவியோ ஒருமுறை ஊன்றிவிட்டால் தானே பெருகித் தானே அடுத்த தோட்டத்துக்கும் போகும்.

ஆனால் உடனே அன்று. முதல் மாதம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தந்தையார் இருமுறை தெளிப்பானைத் தோளில் மாட்டினார்; இருமுறையும் அம்மா தடுத்தார். நான் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய கைலென்சோடு வரிசை வரிசையாகக் குனிந்து தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழுப்பேறிய பூச்சியொன்றின் முதுகில் குண்டூசித் தலையினும் சிறிய வட்டத் துளையைக் கண்டேன். தந்தையாரிடம் லென்சைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தெளிப்பானைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அவ்வாண்டு ஆடிக்குள் கொழுந்துகள் நேராயின. மனையில் மீண்டும் புழு வைத்தோம். பிடுங்கிய ஏக்கரை எண்ணி அவர் இன்றும் வருந்துவார். ஆறேழு மாதம் பொறுத்திருக்கலாம் என்பார். அப்போது யாருக்குத் தெரியும்?

இதே கதை மரவள்ளியிலும் நிகழ்ந்தது. ஆப்பிரிக்காவில் 1981 முதல் மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோப்பெசி என்னும் குளவி, அப்பூச்சி 2020-இல் இந்தியாவில் தென்பட்டபின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது.

குளவி மாவுப்பூச்சியை அடியோடு ஒழிப்பதில்லை. ஒழித்தால் தன் குஞ்சுக்கு உணவேது? சென்ற ஆண்டு செய்முறை வகுப்புக்கு மாதிரி கேட்டு மாணவர்களை அனுப்பினேன். பப்பாளி, செம்பருத்தி எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். விடுதிக்குப் பின்புறம் துத்திச் செடியொன்றில் மட்டும் ஐந்து கிடைத்தன. அவற்றுள் மூன்றின் முதுகில் துளை இருந்தது.