பரிசுப் பொருளைச் சுற்றத் தாள் எவ்வளவு வேண்டும்?

(தலைமையாசிரியர்)



பரிசளிப்பு விழா, ஆசிரியர் தினம், தீபாவளி, பிறந்த நாள், திருமணம் எனப் பரிசு வழங்கும் நாள்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. பரிசுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் கவனத்தை, அதனைச் சுற்றும் வண்ணத் தாளை வாங்குவதில் காட்டுவதில்லை. பத்து பாகாட் பட்டணத்துக் கடையில் நான்கைந்து தாள்களைக் கண்ணளவாக வாங்கி வருகிறோம். வீட்டில் வெட்டிப் பார்த்தால் தாள் ஓர் ஓரத்தில் போதாமற் போகிறது. வேறு துண்டை ஒட்டி மறைக்கிறோம். அல்லது தாள் மிகுந்துவிடுகிறது. கத்தரித்த துண்டுகள் குப்பைக் கூடைக்குப் போகின்றன. இவ்விரண்டும் பணத்தை வீணாக்குவனவே. இதனைத் தவிர்க்க ஐந்தாம் ஆண்டுக் கணிதமும் ஓர் அடிக்கோலும் போதும்.

பரப்பளவு மட்டும் போதுமா?

30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இது கனச்செவ்வக வடிவம் உடையது. ஆறு முகங்கள் கொண்டது. மேலும் கீழும் 30 × 20. முன்னும் பின்னும் 30 × 10. இரு முனைகளும் 20 × 10. இவற்றைக் கூட்டினால் 1,200 + 600 + 400 = 2,200 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். இதுவே பெட்டியின் புறப்பரப்பு.

அப்படியானால் 2,200 ச.செ.மீ. தாள் போதும் என்று மாணவர்கள் விடையளிக்கக்கூடும். கணக்கின்படி அது சரியே. ஆயினும் தாளைச் சுற்றிப் பார்த்தால் போதாது. காரணம் யாது? நாம் பெட்டிக்கு ஆறு துண்டுகளை வெட்டி ஒட்டுவதில்லை. ஒரே செவ்வகத் தாளால் சுற்றுகிறோம். அவ்வாறு சுற்றும்போது இரு முனைகளிலும் தாள் மடிந்து உள்ளே மறைகிறது. மறையும் பகுதிக்கும் நாம் கணக்கு வைக்க வேண்டும்.

தாளின் ஒரு பக்கம் பெட்டியை ஒரு முறை சுற்றி வர வேண்டும். அதன் நீளம் 20 + 10 + 20 + 10 = 60 செ.மீ. மற்றொரு பக்கம் பெட்டியின் நீளத்தையும், இரு முனைகளிலும் பாதி உயரத்தையும் மூட வேண்டும். அது 5 + 30 + 5 = 40 செ.மீ. எனவே வேண்டிய தாள் 60 × 40. அதாவது 2,400 ச.செ.மீ. புறப்பரப்பைவிட 200 ச.செ.மீ. மிகுதி. இந்த 200 எங்கிருந்து வந்தது? 10 × 10 = 100; அதன் இரு மடங்கு 200. பெட்டியின் மிகச் சிறிய அளவை அதே அளவால் பெருக்கி இரட்டித்தால் மடிப்பில் மறையும் தாளின் அளவு கிடைத்துவிடுகிறது. எந்தப் பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரிக் டூமாஸ் என்பவர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரமும் இதுவே.

பெட்டியை வைக்கும் முறை

சிறிய அளவையே உயரமாகக் கொள்ள வேண்டும் என்பதை மறத்தலாகாது. அதே பெட்டியின் பெரிய முகங்கள் முனைகளாக அமையுமாறு தாளைச் சுற்றினால், சுற்றுக்கு 30 + 20 + 30 + 20 = 100 செ.மீ. வேண்டும்; மறுபக்கம் 10 + 10 + 10 = 30 செ.மீ. ஆக 3,000 ச.செ.மீ. பெட்டி மாறவில்லை, சுற்றும் முறை மாறியதால் 600 ச.செ.மீ. தாள் வீணாகிறது.

இன்னொரு முறையும் உண்டு. 30 × 10 முகங்கள் முனைகளாக அமையுமாறு சுற்றினால் 80 × 30 தாள் வேண்டும். அதுவும் 2,400 ச.செ.மீ. தான். ஆனால் நாம் வாங்கிய தாள் 70 × 50 அளவுடையது என்று கொள்வோம். அதன் பரப்பளவு 3,500 ச.செ.மீ. 60 × 40 அதில் அடங்கும். 80 × 30 அடங்காது. தாளின் பரப்பளவு போதியதாக இருந்தும் நீளம் போதாமற் போகலாம். ஆகவே பரப்பளவை மட்டும் நம்பாமல் நீள அகலங்களைத் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நூலால் அளக்கும் முறை

அடிக்கோல் இல்லாத வீடுகளில் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கலாம். பூவை முழத்தாலும் பாயைச் சாணாலும் அளந்தவர்களுக்கு இஃது எளிது. ஒரு நூலை எடுத்துப் பெட்டியின் குறுக்கே ஒரு முறை சுற்றுங்கள். ஒட்டுவதற்காக ஒரு விரற்கடை கூட்டுங்கள். அது தாளின் ஒரு பக்கம். பின்னர் நூலைப் பெட்டியின் மேல் நீளவாக்கில் வைத்து, இரு முனைகளிலும் பாதி உயரம் வரை இறக்கி, அங்கும் சற்றுக் கூட்டுங்கள். அது மறுபக்கம். எண்ணே எழுதாமல் கணக்கு முடிந்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பிறகு அங்குலம் போய்ச் சென்டிமீட்டர் வந்தது. நூலுக்கு அந்த வேறுபாடு இல்லை.

ஒரு சென்டிமீட்டரின் மதிப்பு

பள்ளி விழாவுக்கு 40 நூல்களைப் பரிசாகச் சுற்ற வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு நூலும் 21 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம். சுற்றுக்கு 15 + 2 + 15 + 2 = 34 செ.மீ.; மறுபக்கம் 21 + 2 = 23 செ.மீ. சுற்றில் 1 செ.மீ.யும், முனைகளுக்கு 2 செ.மீ.யும் ஒட்டுவதற்காகக் கூட்டினால் 35 × 25. இப்போது 70 × 50 தாளைப் பாருங்கள். நீளத்தில் இரண்டாகவும் அகலத்தில் இரண்டாகவும் மடித்து வெட்டினால் சரியாக நான்கு துண்டுகள். கழிவு சிறிதும் இல்லை. 40 நூல்களுக்கு 10 தாள்கள் போதும்.

சுற்றில் 1 செ.மீ.க்குப் பதிலாக 2 செ.மீ. கூட்டியிருந்தால் 36 × 25 ஆகிவிடும். நான்கு துண்டுகளுக்கு 3,600 ச.செ.மீ. வேண்டும், தாளிலோ 3,500 தான் உண்டு. மூன்று துண்டுகளுக்கு மேல் கிடையா. 40 நூல்களுக்கு 14 தாள்கள் வாங்க வேண்டியதாகும். ஒரு சென்டிமீட்டர் நான்கு தாள்களை விழுங்கிவிட்டது! வெட்டுவதற்கு முன் அளப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சேர்த்துச் சுற்றுதல்

ஒருவருக்கே இரு பெட்டிகள் கொடுப்பதானால் அவற்றைச் சேர்த்துச் சுற்றலாம். 30 × 20 × 5 அளவுள்ள பெட்டிகளைத் தனித்தனியே சுற்றினால் ஒவ்வொன்றுக்கும் 50 × 35 வீதம் மொத்தம் 3,500 ச.செ.மீ. வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2,400 போதும். பக்கவாட்டில் சேர்த்து வைத்தால் 3,150 ஆகிவிடும். பெரிய முகங்களை ஒன்றோடொன்று மறைத்தால் தாள் மிகுதியும் மிச்சமாகும்.

வட்ட டின்னும் சதுரப் பெட்டியும்

உருளை வடிவ டின்னுக்கு, விட்டத்தை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் சுற்றளவு கிடைக்கும். விட்டம் 7 செ.மீ., உயரம் 8 செ.மீ. எனில் தாளின் ஒரு பக்கம் 22 செ.மீ. மறுபக்கம் உயரத்தோடு விட்டத்தையும் கூட்ட 15 செ.மீ. மேலும் கீழும் தாளைச் சிறு கொசுவமாக மடித்து நடுவில் ஒட்ட வேண்டும்.

அடி சதுரமாக உள்ள பலகாரப் பெட்டியைச் சதுரத் தாளின் நடுவே சாய்வாக வைத்து, நான்கு மூலைகளையும் மேலே கொண்டுவந்து சேர்க்கலாம். இதற்குப் பெட்டியின் மேல்முக மூலைவிட்டத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் தாளின் பக்க அளவு கிடைக்கும் என்று சாரா சாந்தோஸ் என்னும் கணித அறிஞர் எளிய வழி கூறியுள்ளார். வாழையிலையில் பொட்டலம் மடிப்பவர் நான்கு புறமும் நடுவே கூடுமாறு இலையை வைப்பதும் இதனை ஒத்ததே.

நம் தோட்டத்துத் தொழிலிலும் இக்கணக்கு

இது பரிசுப் பெட்டிக்கு மட்டும் உரிய கணக்கன்று. பால்மரத் தோட்டங்களில் உழைத்தோர் ரப்பர் கட்டுகளை நன்கு அறிவர். புகையூட்டிய ரப்பர்த் தாள்களைக் கட்டாக அழுத்தி, அவற்றை அதே ரப்பர்த் தாள்களால் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மேலே மாவுக் கரைசல் பூசுவது பழைய முறை. 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் தர மலேசிய ரப்பர்த் திட்டம் வந்தபின், 33.33 கிலோகிராம் எடையுள்ள கட்டிகளைப் பாலித்தீன் தாளில் பொதிந்தனர். அத்தகைய கட்டிகள் 30 சேர்ந்தால் ஒரு மெட்ரிக் டன்.

ஒரு கட்டி ஏறத்தாழ 67 × 33 × 17 செ.மீ. எனக் கொண்டு நம் விதியைப் பயன்படுத்துவோம். சுற்றுக்கு 100 செ.மீ.; மறுபக்கம் 84 செ.மீ.; ஆக 8,400 ச.செ.மீ. ஒரு டன்னுக்கு 2,52,000 ச.செ.மீ., அதாவது 25.2 சதுர மீட்டர். ஒவ்வொரு கட்டிக்கும் கையளவு தாள் வீணானாலும் ஆயிரம் டன்னுக்கு எவ்வளவு ஆகும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

முடிவுரை

தன் பொருளின் அளவறிந்து வாழ்தலை வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். வெயிலிலும் மழையிலும் உழைத்து ஈட்டும் வெள்ளியைச் செலவிடும் குடும்பத்தில், பிள்ளை கற்ற கணக்கு அவ்வீட்டிற்குப் பயன்பட வேண்டும். மாணவர்களே! அடுத்த முறை பெற்றோர் பரிசு வாங்கும்போது, நீங்களே பெட்டியை அளந்து வேண்டிய தாளின் அளவைக் கூறுங்கள். உங்கள் கணக்கு சரியா என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

பயிற்சி

1. 24 × 16 × 6 செ.மீ. பெட்டிக்கு வேண்டிய தாளின் நீள அகலங்கள் யாவை? (ஒட்டுவதற்குக் கூட்ட வேண்டா.)
2. அதன் புறப்பரப்பு எவ்வளவு? மடிப்பில் மறையும் தாள் எவ்வளவு?
3. அத்தகைய பெட்டிகள் இரண்டை எவ்வாறு சேர்த்தால் தாள் குறைவாகச் செலவாகும்?

விடை: 1) 44 × 30 செ.மீ. 2) 1,248 ச.செ.மீ.; 72 ச.செ.மீ. 3) ஒன்றன்மேல் ஒன்றாக, 24 × 16 முகங்கள் ஒட்டுமாறு அடுக்க வேண்டும்.