உங்களுக்குத் தெரியுமா? காலபகோஸில் வழிகாட்டி யாருக்குக் காவல்?

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. மேற்கே பசிபிக் கடலில் எரிமலைகள் எழுப்பிய தீவுகள் காலபகோஸ். நிலப்பரப்பில் சுமார் 97 சதவீதம் தேசியப் பூங்கா. பெரும்பாலான பார்வையிடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க முடியாது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். ஸ்நார்க்கலிங் செய்யும்போது கடற்சிங்கம் தானாக நெருங்கி வந்தாலும் தொடக் கூடாது.

‘மனிதரைக் கண்டு அஞ்சாத உயிர்களுக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?’ என்று கேட்கலாம். அந்த அஞ்சாமைதான் காரணம். வேட்டையாடும் பெரிய பாலூட்டிகள் இல்லாத தீவுகளில் பரிணமித்ததால், மனிதரைக் கண்டு ஓடும் எச்சரிக்கை அவற்றுக்கு வளரவில்லை. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ராட்சத ஆமைகளை உணவுக்காக எளிதில் அள்ளிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். வேட்டையாலும், மனிதர் கொண்டுவந்த ஆடுகளாலும் நலிந்த பின்டா தீவு ஆமையினத்தின் கடைசி ஆமையான ‘லோன்சம் ஜார்ஜ்’ 2012இல் இறந்தது.

2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர். வசதி படைத்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தீவுகளா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பயணியின் பெட்டியோடும் காலணியோடும் அயல் விதையும் பூச்சியும் வந்துசேரும் ஆபத்து இருக்கிறது. சுற்றுலா பெருகிய நெருக்கடியில், 2007 முதல் 2010 வரை யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இத்தீவுகள் இருந்தன. ஆகவே, விலங்கைக் காட்டுவதைவிட மனிதரைக் கட்டுப்படுத்துவதே அங்கே வழிகாட்டியின் முதல் வேலை.