பாகம் புதிது, சுக்கான் ஏன் சரிகிறது?

சுக்கானின் அசைவை முன்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டின் நுனியில் ஒரு பந்து மூட்டு உண்டு. இதனைக் கராஜ்களில் 'ரை றொட் எண்ட்' என்பார்கள். குண்டும் குழியுமான கிராமத்துப் பாதைகளில் ஓடும் வாகனங்களில் இது விரைவாகத் தேய்ந்துவிடும். எமது வானுக்கும் இதனை மாற்றினோம். திரும்பி வரும்போது நேரான பாதையிலும் சுக்கான் ஒரு பக்கம் சரிந்தே நின்றது. புதிய பாகம் பழுதென்று எண்ணி இன்னொன்று வாங்க ஆயத்தமானோம். ஆனால் பிழை பாகத்தில் அல்ல, அதைப் பூட்டிய அளவிலேயே இருந்தது.

பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதையும் அத்தனை சுற்று ஏற்ற வேண்டும். புரியின் இடைவெளி 1.5 மில்லிமீற்றர் எனில், ஒரு சுற்றுப் பிசகினால் தண்டின் நீளமும் அவ்வளவு மாறும். ரயரின் விளிம்பில் அது பல மில்லிமீற்றராகப் பெருகும். சுக்கான் சரியும்; ரயரும் வீணாகத் தேயும்.

எனவே மீண்டும் பணம் செலவழிக்குமுன் பின்வருவனவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலாவது, மூட்டின் நட் இறுக்கமாக உள்ளதா? கொட்டர் பின் போடும் வகையாயின் அது போடப்பட்டுள்ளதா? பின்னுக்குரிய துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது. இம்மூட்டு கழன்றால் அந்தச் சக்கரம் சுக்கானுக்குக் கட்டுப்படாது. உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, வாகனம் ஒரு பக்கம் இழுத்தால் ரயர்களின் காற்றைச் சரிபார்க்கவும். பின்னர் முன் ரயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டி ஓடிப் பார்க்கவும். இழுவையும் பக்கம் மாறினால் குறை ரயரில்தான். மாறாவிட்டால் பிறேக் பிடித்தபடி நிற்கிறதா என்று பார்க்கவும். அந்தப் பக்கச் சக்கரம் மற்றதைவிட அதிகம் சூடாகியிருக்கும்.

மூன்றாவது, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தவும். ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் தண்டின் மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் சக்கரத்தின் பெயாரிங்கையோ சக்கரத்தைத் தாங்கும் மற்றைய பந்து மூட்டுகளையோ பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சுக்கான் சரிந்து நின்றால், சக்கரங்களின் நேர்த்தன்மையை அளவுக் கருவி உள்ள இடத்தில் சரிசெய்விக்க வேண்டும். சுற்றுகளை எண்ணிப் பூட்டினாலும் இது அவசியம். புதிய பாகத்தின் நீளம் சற்று வேறுபடலாம். இதற்குச் செலவாகும் பணம் ஒரு சோடி ரயரின் விலையிலும் மிகக் குறைவே.