இரவுப் பணியும் கிழக்கின் விடியலும்

அந்தமான் தலைநகரின் ஒரு பகுதி டெலானிபூர். போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்கு மே, ஜூன் மாதங்களில் காலை 5 மணியளவிலேயே கதிரவன் உதித்துவிடுகிறான். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. இத்தீவுகளோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளன. பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் இங்கு கடிகாரத்தைச் சுமார் 41 நிமிடம் முந்திக்கொள்கிறது. மருத்துவமனையிலோ மின் நிலையத்திலோ இரவுப் பணி முடித்து 6 மணிக்கு வெளிவருபவர், நன்கு விடிந்த பகலில்தான் வீடு திரும்புகிறார்.

இது அற்ப விஷயமன்று. உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலடோனின் என்னும் சுரப்பு இருளில் பெருகி ஒளியில் ஒடுங்குவது. காலை ஒளி கண்ணில் பட்டதும் உடல் பகலுக்கு ஆயத்தமாகிறது; அதன்பின் வரும் உறக்கம் குறுகியது, எளிதில் கலைவது. வெப்பமும் தெரு இரைச்சலும் எஞ்சியதையும் கெடுக்கின்றன.

முதலாவது ஆபத்து விபத்து. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதாக 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டிற்று. வாகன ஓட்டிகளுக்கு நமது சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 30 மில்லிகிராம் மட்டுமே. காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் முதல் நாள் இரவுப் பணிக்குச் செல்பவர் 11 மணிக்கே அந்நிலையை எட்டிவிடுகிறார். விடிய இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.

நெடுநாளைய கேடு மெல்ல வருவது. இதய நோயும் நீரிழிவும் இவர்களிடையே மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2019-இலும் நிலைநிறுத்தியது.

சட்டம் மணிக்கணக்கையே பார்க்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, நள்ளிரவைக் கடக்கும் பணியில் வார விடுமுறையின் 24 மணி நேரம் பணி முடிந்த கணத்திலிருந்து தொடங்கியது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. ஆக, விடுமுறையின் முற்பகுதி பகல் உறக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

பணியை 4 மணிக்கே முடித்து, விடியுமுன் அனுப்பிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் உடல் மிகவும் சோர்ந்திருக்கும் வேளை அதுவே. அப்போது ஸ்கூட்டரில் அனுப்புவது ஒரு கேட்டைத் தவிர்க்க மற்றொன்றை வரவழைப்பதாகும். பணி நேரத்தை முன்தள்ளும் அலுவலகம், வீடுவரை வாகன வசதியையும் உடன் அளித்தல் வேண்டும்.